நட்சத்திரத்தில் ஒட்டிய கடிதங்கள்

லூர்து,

கடிதத்தின் தலையில் ஆசீர்வாதம் எழுதுவது நம் வீட்டு வழக்கம். இந்த முறை அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மறந்துபோய் விடவில்லை. முழுக்கப் படித்த பிறகு அங்கே என்ன எழுதலாம் என்று நீயே சொல். உனக்கு நான் வழக்கமாக எழுதும் கடிதத்தில் ஊர் வம்பு முக்கால் பங்கும் என் இருமல் கால் பங்கும் இருக்கும். யார் வீட்டுப் பெண்ணை யார் வந்து பார்த்துவிட்டுப் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள், கோயில் பாட்டுக்காரருக்கு எந்த இடத்தில் தொண்டை கட்டியது என்றெல்லாம் எழுதுவேன். இந்தக் கடிதத்தில் ஒரே வம்புதான் உண்டு. அது நம் வீட்டு வம்பு. அதன் கதாநாயகன் உன் அப்பன். வருகிற கப்பலில் செசிலியும் மதலேனும் சைகோனுக்கு உன்னிடம் புறப்படுகிறார்கள். மூன்று வருடமாக நான் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டு வந்த பயணத்துக்கு உன் பெண்டாட்டி ஒரே நாளில் எப்படிப் பெட்டி கட்டினாள் என்று நீ யோசிப்பாய். அவள் சொல்ல மாட்டாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே உன் மகள் என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். ஏழு வயதுதான், ஆனால் இடுப்பில் கை வைத்து நிற்கிற நிற்பு செத்துப்போன உன் அம்மாவுடையது. "தாத்தா, இந்த வருசம் குடில் நாம்ப ரெண்டு பேரும் செய்யலாம்" என்றாள். கடையில் விற்கும் சுரூபங்களின் விலை என் கண் முன்னால் வந்து நின்றது. "செய்யலாமே, ஒரு காசு செலவில்லாமல் செய்யலாம்" என்றேன். அதோடு வாயை மூடியிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. அன்று சாயங்காலமே எதிர்வீட்டுத் தெரேசம்மாளிடம் அளந்தேன். மறுநாள் பத்திரம் பதிகிற நொத்தேர் கச்சேரியில், நகல் எழுதுகிற என் மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்று மிச்சப் பேருக்கும் அளந்தேன். காசே செலவழிக்காமல் ஊரே வந்து பார்க்கிற மாதிரி ஒரு குடிலும், தலைவாசலில் பெரிய நட்சத்திரமும் செய்கிறோம் என்று.

குடில் நன்றாகத்தான் வந்தது. நீயும் அங்கே அவளோடு உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பதற்காக முறையைச் சொல்கிறேன். பழைய கோணியைக் கஞ்சியில் முக்கி, அடுப்புச் சாம்பலைத் தூவி, இரண்டு செங்கல்லின் மேல் போட்டுக் காயவைத்தால் பாறைக் குகை. கொட்டாங்கச்சியில் மண் போட்டுக் கேழ்வரகை விதைத்துவிட்டால் பத்து நாளில் புல்வெளி. அதற்குத் தண்ணீர் தெளிக்கிற உரிமை மதலேனுக்கு மட்டும்தான், நான் தொட்டால் சத்தம் போடுவாள். தேயிலைப் பொட்டலத்தின் வெள்ளித் தாளைத் தேய்த்து விரித்தால் ஓடை. வைத்திக்குப்பத்துப் படகுகளுக்கு நடுவே பொறுக்கி வந்த கிளிஞ்சல் ஓடைக்குக் கரை. இலவம்பஞ்சை உருட்டி ஈர்க்குச்சியைச் செருகினால் ஆடு. என் ஆடுகளில் ஒன்றுக்கு ஐந்து கால். "அது வாலு தாத்தா, நீங்க சும்மா இருங்க" என்று உன் மகள் என் மானத்தைக் காப்பாற்றினாள். கிணற்றடிக் களிமண்ணில் அவள் பிடித்த குழந்தை யேசு சுண்டுவிரல் அளவுதான், ஆனால் தூங்குகிற பிள்ளை மாதிரியே இருந்தது. நான் பிடித்த சூசையப்பர் எங்கள் நொத்தேர் மாதிரியே மீசையோடு வந்துவிட்டார். என் ஒட்டகத்தைத் தெரேசம்மாள் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு நாயை எப்ப வந்து பார்த்தீங்க?" என்று கேட்டாள். முழங்கால் வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று வாரத்தைப் போல சந்தோஷமாக நான் இருந்து நாளாகிறது. கை வேலையில் இருந்தபோது அந்தப் பிள்ளை என்னென்னவோ சொன்னாள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவளே உனக்குச் சொல்லட்டும்.

நட்சத்திரத்தில்தான் வினை வந்தது. மூங்கில் சிம்பைக் கட்டி ஐந்து கொம்புள்ள கூடு செய்தாயிற்று. உள்ளே விளக்கு வைக்க இடமும் விட்டாயிற்று. போன வருடத்து வண்ணக் காகிதத்தைப் பரணிலிருந்து எடுத்தால், முழுக்கச் செல்லரித்துக் கையோடு உதிர்கிறது. கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கடைக்குப் போனால் கிடைக்கும். ஆனால் காசில்லாமல் செய்வதாக ஊரெல்லாம் சொன்னவன் எந்த முகத்தோடு கடைவாசலில் நிற்பது? பழைய செய்தித்தாள் பின்பக்கத்துக்கு ஆகும். முன்பக்கத்துக்கு வெளிச்சம் ஊடுருவ மெல்லிய தாள் வேண்டும். அப்போதுதான் மதலேன், "அம்மா பொட்டியில அந்த மாதிரி காயிதம் நெறைய இருக்குது. அப்பா எழுதுனது. அதை ஒட்டுனா அப்பாவும் கிறிஸ்மஸுக்கு வந்த மாதிரிதானே தாத்தா?" என்றாள். குழந்தை சொன்னாள் என்று இதை அவள் தலையில் கட்ட நான் முயன்றதுண்டு. ஒருநாள் முழுக்க முயன்றேன். அவள் கேட்டது கேள்வி. பெட்டியைத் திறந்தது இந்தக் கை.

செசிலி பீடத் துணிக்குப் பூவேலை செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள். பெட்டிக்குள் ஒரு பிஸ்கோத்து டப்பாவில் உன் கடிதங்கள் நாடா கட்டி இருந்தன. வெங்காயச் சருகு மாதிரித் தாள். மை அடுத்த பக்கத்தில் தெரிந்துவிடும் என்பதால் நீ ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறாய். மேலே இருந்த புதியவற்றை விட்டுவிட்டு, அடியிலிருந்து ஆறு தாளை உருவினேன். வெற்றுப் பக்கத்தில் பஞ்சால் மஞ்சள் தண்ணீர் ஒற்றி, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி கஞ்சிப் பசையால் ஒட்டினேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஊரில் நான் விட்டிருக்கிற பதிப்பு இதுதான். எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உனக்கும் இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும். திரும்பி வருகிறேன்.

அதற்கு முன்னால் உனக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நீ மறந்திருப்பாய் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் வீட்டில் பிள்ளைகள் குழந்தை யேசுவுக்குச் சீட்டு எழுதிக் குடிலின் வைக்கோலுக்கு அடியில் வைப்பது வழக்கம். அந்த வருடம் நீ எழுதியிருந்தாய்: கோயிலில் புதுநன்மை வாங்குவதற்குள் எனக்குப் படுக்கை நனையாமல் இருக்க வேண்டும் சுவாமி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நான் அதை எடுத்தேன். திருநாள் பந்தியில், உன் மாமன்களும் சித்தப்பன்களும் உட்கார்ந்திருக்க, கோயிலில் நிருபம் வாசிக்கிற குரலில் படித்தேன். பந்தி குலுங்கிச் சிரித்தது. நீ இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். பிறகு எழுந்து போய்விட்டாய். உன் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "இனிமே அவன் உங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றாள். நீ சொல்லவில்லை. உனக்கு வேலை கிடைத்ததே நொத்தேர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சைகோனிலிருந்து எனக்கு வருவது மூன்று வரி: நலம், நலமறிய ஆவல், குளிருக்கு ஜாக்கிரதை. செசிலிக்கு வருவது எட்டுப் பக்கம். தபால்காரர் அந்தக் கனத்த உறையை என்னிடம்தான் கொடுப்பார். நான்தான் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தக் கனம் என் கைக்கு நன்றாகத் தெரியும்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். மதலேன் தீக்குச்சியை நீட்ட, நான் உள்ளே சிமினி விளக்கை ஏற்றினேன். மஞ்சளாக, முழு நிலா மாதிரிப் பொலிந்தது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கூடவே ஐந்து கொம்பிலும் கருகருவென்று எழுத்து எழும்பியது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். பிறகு பார்த்தேன்: எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி இருந்தது. ஒரு பயலாலும் படிக்க முடியாது. நிம்மதியாகத் துண்டை உதறித் தோளில் போட்டேன். அந்த நேரம் பார்த்துச் சவரிராயன் வந்தான். தெருக்கோடி வீட்டுக்காரன், அச்சாபீசில் ஈய எழுத்துக் கோக்கிறவன். தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட மாற்றிப் பிடித்துதான் படித்தான் என்று அவனைப் பற்றி நானே ஊரில் கதை கட்டியிருக்கிறேன். கட்டியவனுக்கே அது மறந்துபோயிற்று.

"இன்னா அண்ணே, இது நட்சத்திரமா, நோட்டீசா?"

"நட்சத்திரம்தான். எழுத்து மாறியிருக்குது, உனக்கு ஒண்ணும் விளங்காது. போய்ப் பலகாரம் சாப்பிடு."

"உங்களுக்குத்தான் மாறியிருக்குது. எனக்குக் காலையிலேருந்து பொழுது போற வரிக்கும் இப்படித்தான் தெரியுது" என்றவன், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிற மாதிரிப் படித்தான். "'இங்கே மழை பிடித்தால் உன் ஈரத்தலை வாசனை வருகிறது. நீ தலை துவட்டும் சிவப்புத் துண்டைத் துவைக்காமல் அனுப்பிவை.'"

"தொவைக்காமலேயா!" என்று தெரேசம்மாள் முந்தானையால் வாயை மூடினாள். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். "கப்பல்ல வர்றதுக்குள்ள நாறிப்பூடாது?" என்றான் ஒருவன். அப்போதாவது நான் விளக்கை ஊதியிருக்கலாம். என் கை விளக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. லூர்து, நான் என்ன செய்தேன் தெரியுமா? "சுங்கத்துல பிரிச்சுப் பாக்கிறவன் மயங்கி வுழுவான்!" என்றேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். "அடுத்த கொம்பு, சவரி! அடுத்த கொம்பைப் படி!" என்று கூவினேன். அவனாகப் படிக்கவில்லை. நான் படிக்கச் சொன்னேன்.

"'நடந்ததை அப்பாவிடம் சொல்லாதே. அவரிடம் போனால் அது ஊருக்குக் கதையாகிவிடும்.'" எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் நாடகக்காரன் மாதிரி குனிந்து கும்பிட்டேன். சவரி சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனான். "'மூன்று மாதத்துக் குழந்தை தங்காமல் போனதை நீ தனியாக ...'" என்றவன் அங்கேயே நின்றான். அவன் உதடு மட்டும் இன்னும் கொஞ்சம் அசைந்தது.

எல்லோர் பார்வையும் எனக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன். கல்கல் பலகாரத் தட்டோடு செசிலி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. மதலேன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, எந்தப் பாப்பா?"

நீ விடுமுறை முடிந்து கப்பல் ஏறிய மூன்றாம் மாதம் அவள் நாலு நாள் படுத்தபடியே கிடந்தாள். காய்ச்சல் என்றாள். அந்த நாலு நாளும் நான் தெருவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. "மருமகளுக்கு மெத்தை ஒட்டிக்கிச்சு, பிரிக்க ஆசாரியைத்தான் கூப்பிடணும்." சன்னல் திறந்திருக்கும்போதுதான் சொன்னேன்.

சவரிராயன் "அம்மா, நான் தெரியாம ..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். செசிலி தட்டைப் படியில் வைத்தாள். நட்சத்திரத்துக்குள் கையை விட்டு விளக்கை எடுத்து ஊதினாள். கூட்டை அவிழ்த்து உள்ளே கொண்டுபோனாள். அன்றைய பூசைக்கு அவளும் பிள்ளையும் போனார்கள். நான் போகவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி ஒவ்வொரு தாளாக அவள் உரித்தாள். கஞ்சிப் பசை நல்ல பசை, சுலபமாக விடாது. இரண்டு தாள் கிழிந்தது, ஒன்றில் மை பரவிவிட்டது. கொடியில் வரிசையாகக் காயப்போட்டாள். நான் தூணோரமாக நின்று, முப்பது வருடம் நகல் எழுதிய கை ஆயிற்றே, கிழிந்ததைப் புதுத் தாளில் அச்சு மாறாமல் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம் மாமா. உங்க கண்ணுல அது இன்னொரு தரம் பட வேணாம்" என்றாள். கோபம் இல்லாத குரல். கொடியில் ஒரு தாளை நிமிர்த்திக்கொண்டே, "நீங்க படிச்சிருந்தாகூட எனக்கு இவ்வளவு இருக்காது. மாமா ஆசைப்பட்டுப் படிச்சிட்டாருன்னு இருந்திருப்பேன். படிச்சுக்கூடப் பாக்காம தெருவுக்குக் குடுத்துட்டீங்களே" என்றாள்.

நான் அதைத் திருத்தவில்லை. நான் படிக்கவில்லை என்று அவள் நினைப்பதே எனக்கு வசதியாக இருந்தது. இப்போது திரும்பி வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன். நான் படித்தேன், லூர்து. தாளை உருவியபோது ஒரு வரியில் 'அப்பா' என்ற சொல் தெரிந்தது. மகன் என்னைப் பற்றி என்னதான் எழுதுகிறான் என்று ஆசையாகத்தான் பார்த்தேன். 'நடந்ததை அப்பாவிடம் சொல்லாதே' என்று இருந்தது. அதற்கடுத்த வரியும் படித்தேன். அதற்குமேல் படிக்கவில்லை, முகம் சூடாகிவிட்டது. என்னை நம்பாத காகிதம்தானே, நட்சத்திரத்துக்காவது உதவட்டும் என்று அந்தத் தாளுக்குத்தான் முதலில் பசை தடவினேன். இன்னும் ஒரே ஒரு வரி படித்திருந்தால் அந்தப் பெட்டியை மூடிவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் கோயிலுக்குப் போய் முழங்காலில் விழுந்திருப்பேன். அந்த ஒரு வரிக்குப் பொறுமையில்லை. நீ எழுதியது பொய் என்று காட்டவாவது என்னால் முடிந்ததா? அடுத்த நாளே ஊருக்குக் கதையாக்கிக் காட்டினேன்.

அன்று மதியம் குடிலுக்குப் பக்கத்தில் மதலேன் தனியாக உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தேன். முன்னணையில், வைக்கோல் மேல், குழந்தை யேசுவுக்குப் பக்கத்தில் இன்னொரு களிமண் குழந்தை படுத்திருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. முகம் கிடையாது, பயறு அளவு தலை. என் ஐந்துகால் ஆட்டின் பஞ்சைப் பிய்த்துப் போர்த்தியிருந்தாள். "பாப்பாவுக்கு எடம் இல்ல தாத்தா, அதான் இங்க படுக்க வெச்சேன்" என்றாள். எனக்குப் பின்னால் செசிலி வந்து நின்றதையும் அப்போதுதான் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, இந்த வீட்டுக்குள் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு குழந்தைகளைப் பார்த்ததும் என் நாக்கின் நுனிக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வந்தது. நல்ல பேச்சுதான், தெரு முழுக்கச் சிரித்திருக்கும். விழுங்கினேன். தொண்டையில் மீன்முள் மாதிரி இறங்கியது. என் ஆயுளில் நான் விழுங்கிய முதல் வேடிக்கை அது.

அடுத்த ஞாயிறு நம் கோயில் சின்னச் சாமியார் குடில் பார்க்க வந்தார். தெரேசம்மாளும் தற்செயலாக வந்ததுபோல் கூடவே வந்து வாசலில் நின்றாள். சாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன பெரியவரே, ரெண்டு குழந்தை இருக்கு? யாரு இது?" என்றார். அடுக்களைக் கதவின் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. "தெரியலீங்க சாமி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாத கதைகூட இந்த ஊர்ல இருக்குதா?" என்றார். "சின்னப்புள்ளை வேலை சாமி. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மறுபடியும் சொன்னேன். அவர் இரண்டையும் சேர்த்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் திரும்பக் கேட்டது. அன்று சாயங்காலம் செசிலி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மதலேனிடம் கொடுத்தனுப்பாமல் அவளே கொண்டுவந்தாள். மறுநாள் பயணப் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். வழக்கமாக அந்தப் பெட்டி வெளியே வந்தால் எனக்கு நெஞ்சுவலி வந்துவிடும்; புயல் காலம் என்பேன், பிள்ளைக்குப் படிப்பு என்பேன். வீடு வெறிச்சென்று போய்விடும் என்ற பயம்தான் எல்லாம். இந்தத் தடவை அந்தப் பெட்டிக்கு நானே கயிறு கட்டிக்கொடுத்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் கிடையாது. இருந்தாலும் அப்பன் என்ற பழக்கத்தில் ஒன்றிரண்டு சொல்கிறேன். அடுத்த கிறிஸ்மஸுக்கு அங்கே நட்சத்திரம் செய்தால் காகிதத்தைக் கடையில் வாங்கு. ஆட்டுக்கு நாலு கால் போதும். மதலேன் கையில் களிமண்ணை வைத்துக்கொண்டு ரகசியம் சொல்வாள். நீ அவள் முகத்தைப் பார்க்காமல் உன் கையிலிருக்கிற ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேள், அப்போதுதான் முழுக்கச் சொல்வாள். அதில் நல்ல வேடிக்கை ஒன்று இருக்கும். நாலு பேரிடம் சொல்ல நாக்கு துடிக்கும். நீ என் பிள்ளை, துடிக்காமல் இருக்காது. விழுங்கிவிடு. வலிக்கும், ஆனால் பழகிவிடலாம் போலிருக்கிறது. நான் இதுவரை மூன்று விழுங்கியிருக்கிறேன். மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைத்தபோது, வைக்கோலுக்கு அடியில் மதலேனின் சீட்டு இருந்தது. நாலாக மடித்திருந்தாள். மடிப்புக் கலையாமல் அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்படி எழுதுவதற்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது பார், இந்த வயதில்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லிவிடு.

இந்தக் கடிதத்தைச் செசிலியிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சிப் பசை வீட்டில் இன்னும் ஒரு சட்டி மிச்சம் இருக்கிறது. ஆனாலும் உறையை ஒட்டவில்லை. நான் படித்தேன் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. கடற்பாலத்தில், கப்பலுக்குக் கொண்டுபோகிற சலங்குப் படகு ஏறும்போது, "திறந்துதான் இருக்குதம்மா, முதலில் நீ படி" என்று சொல்லிக் கொடுக்கப் போகிறேன். கப்பல் நாள்கணக்காகப் போகும், நேரம் இருக்கிறது. படித்துவிட்டு அவள் இதைக் கடலில் போட்டுவிட்டால் அது நியாயம். இது உன் கையில் இருக்கிறதென்றால், அவள் கொடுத்ததால் இருக்கிறது. தலையில் விட்டிருக்கிற வெற்றிடத்தை அவளைக் கேட்டுவிட்டு நிரப்பு.

அப்பா